இரண்டு பொட்டல்கள்

மாசி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. கல்லலிலிருந்து காளையார்கோவில் போகும் வழியில், அறுப்பு முடிந்த வயலொன்றில் கிடை போட்டிருந்தார்கள். பொழுது சாயும் நேரம். நாலு பக்கமும் கம்பு ஊன்றி நைலான் வலை கட்டியிருந்தது. உள்ளே முந்நூறு செம்மறி இருக்கும். ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு படுக்க இடம் பார்த்தன. வலைக்கு வெளியே, மூங்கில் சிம்பும் பனையோலையும் வைத்துக் கட்டிய கூடு ஒன்று, கவிழ்த்த பெரிய கூடைபோல இருந்தது. அன்று ஈன்ற குட்டிகளை அதற்குள் விட்டிருந்தார்கள். மூன்று கல் கூட்டிய அடுப்பில் உலை கொதித்தது. கிடைக்குத் தலைவரான கீதாரி வரப்பில் குந்தி, ஒரு தாயாட்டின் முன்காலைத் தன் முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, குளம்பில் ஏறியிருந்த கருவேல முள்ளை ஊக்கால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார்.

“ராத்திரி எங்கண்ணே படுப்பீங்க?” என்று கேட்டேன்.

“ஆடு படுக்குற எடந்தான் நமக்கும்” என்றார்.

“இங்க தங்கிக்கிறதுக்கு யாருகிட்டக் கேட்டீங்க?”

முள்ளை எடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். “நாங்க எங்க தம்பி கேட்டோம்? நெலத்துக்காரவுகதான் ஊருக்கே வந்து கூப்புட்டாக.”

அதற்கு ஐந்து மாதம் முன்பு, புரட்டாசியில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வெளுத்து வெடித்த களிமண் தரை. நடுவில் ஒரு காரும் பக்கத்தில் சின்னக் கூடாரமும். வேறு ஒன்றும் இல்லை. ஆல்வர்ட் பாலைவனம் என்று பெயர் போட்டிருந்தான். “மாமா, மூணு ராத்திரி இங்க படுத்திருந்தேன். காசு கிடையாது, சீட்டு கிடையாது, யாரையும் கேக்க வேண்டியதில்ல” என்று எழுதியிருந்தான். கீதாரி சொன்னதைக் கேட்டதும் அந்த வரி நினைவுக்கு வந்தது. இருவரும் வெட்டவெளியில் காசில்லாமல் படுத்தவர்கள். ஒருவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, இன்னொருவரை நிலத்துக்காரரே வந்து அழைத்திருக்கிறார். இந்த இரண்டு இரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

முதலில் அந்த ஊர் நிலம். ஓரிகனின் தென்கிழக்கில் ஹார்னி கவுண்டி இருக்கிறது. நம் சிவகங்கை மாவட்டத்தைப்போல ஆறு மடங்கு பரப்பு. அங்கே வாழ்கிறவர்கள் ஏழாயிரத்துச் சொச்சம் பேர். சிவகங்கை மாவட்டத்தில் 2011 கணக்குப்படி பதின்மூன்று லட்சத்து முப்பத்தொன்பதாயிரம் பேர். ஆல்வர்ட் தரை கடல்மட்டத்துக்கு மேல் நாலாயிரம் அடி உயரத்தில் கிடக்கிறது. அதன் மேற்கே ஸ்டீன்ஸ் மலை ஒன்பதாயிரத்து எழுநூறு அடிக்கு மேல் எழுந்து, பசிபிக் கடலிலிருந்து வரும் மேகத்தை மறித்துக்கொள்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொண்டு நமக்கு வறண்ட காற்றை மட்டும் அனுப்புகிறதே, அதே வேலைதான். ஆனால் நமக்கு ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை உண்டு. ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்துவிடுகிறது. ஆல்வர்டில் ஏழு அங்குலம், அதாவது 180 மில்லிமீட்டருக்குப் பக்கம். கோடையில் பகல் கொளுத்தும், அதே நாள் இரவு போர்வை கேட்கும், மார்கழியில் தரை உறையும். உயர்பாலை என்று அதைச் சொல்லலாம்.

இந்த மாதிரி நிலத்தில் பெரும்பகுதி அங்கே அரசாங்கத்துடையது. அதைப் பார்த்துக்கொள்வது 1946-இல் உருவான நில மேலாண்மைப் பணியகம். அதன் கையில் இருப்பது சுமார் 24.5 கோடி ஏக்கர். தமிழ்நாடு முழுவதையும் அளந்தால் 3.2 கோடி ஏக்கர் வரும், ஆக ஏழரைத் தமிழ்நாடு. அதில் தடை எழுதிவைக்காத இடத்தில் யார் வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம். குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, விளக்கு இல்லை, கட்டணமும் இல்லை. பெரும்பாலான இடங்களில் ஒரே இடத்தில் பதினான்கு நாள் தங்கலாம். பிறகு எழுந்து வேறிடம் போய்விட வேண்டும். நிலம் யாருக்கும் சொந்த வீடாகிவிடக் கூடாது என்பதற்காக அந்தக் கணக்கு.

தங்கை மகன் அதற்காகச் செய்த ஆயத்தத்தைக் கேட்டால் நம்மூர்ப் பெண்கள் நோன்புக்குச் செய்யும் ஆயத்தம் மாதிரி இருக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்று கேன்களில் நிரப்பிக்கொண்டு போயிருக்கிறான். விறகுகூட அங்கே பொறுக்க முடியாது, மரமே கிடையாது. கோடையில் காட்டுத்தீ பயத்தால் நெருப்பு மூட்டவே தடை வந்துவிடும். மலம் கழிக்க ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும், அதுவும் நீர்நிலையிலிருந்து இருநூறு அடி தள்ளி. ஆரஞ்சுத் தோல்கூட அங்கே போடக் கூடாது, பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். வந்த சுவடு தெரியாமல் போ என்பதுதான் அந்த நிலத்தில் தங்குகிறவனுக்கு ஊரார் சொல்லும் முதல் பாடம், கடைசிப் பாடமும் அதுவே.

வெறும் சுத்தத்துக்காகச் சொல்வதில்லை இது. ஆல்வர்டைச் சுற்றியுள்ள சேஜ்பிரஷ் புதர்க்காட்டில் மண்ணின் மேல் ஒரு தோல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசியும், தரைப்பாசியும், பாசிக்காளானும் சேர்ந்து மணல் துகள்களை நூல் போட்டுத் தைத்ததுபோலப் பிடித்துவைத்திருக்கும் தோல். காற்று மண்ணைத் தூக்கிப் போகாமல் காப்பதும், பெய்கிற சொற்ப ஈரத்தைப் பிடித்துவைப்பதும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொடுப்பதும் அதுதான். ஒரு செருப்புக் கால் அதை உடைத்துவிடும். மழை இல்லாத ஊரில் அது மறுபடி வளர வருஷக்கணக்கு ஆகும், சில இடத்தில் தலைமுறைக்கணக்கு. மண் அப்படி இருக்கும்போது, வந்தவன் எதையும் விட்டுப் போகாமல் இருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

கல்லல் வயலுக்கு வருவோம். இங்கே நிலத்துக்காரர் கீதாரியைக் கூப்பிடுவது எதற்காக? முந்நூறு ஆடும் ஒரு ராத்திரி முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதற்காக. நம் செம்மண்ணும் செம்புராங்கல் மண்ணும் சத்தைப் பிடித்துவைக்காது. வெயிலில் மக்கு சீக்கிரம் எரிந்து போய்விடும். குப்பைக்குழியில் சேர்த்து வண்டியில் கொண்டுவந்து கொட்டும் எருவில் மூத்திரச் சத்து பாதி வழியிலேயே ஆவியாகிவிடுகிறது. கிடையில் அது சுடச்சுட மண்ணுக்குள்ளேயே இறங்குகிறது. அதனால்தான் ஆட்டெரு அந்த வருஷத்துக்கு, மாட்டெரு மறு வருஷத்துக்கு என்று சம்சாரிகள் சொல்லிவைத்திருக்கிறார்கள். மறுநாள் வலையைப் பிடுங்கிப் பக்கத்துத் துண்டுக்கு மாற்றிக் கட்டுவார்கள். இப்படி ராத்திரிக்கு ஒரு துண்டாக வயல் முழுக்கச் சுற்றிவந்த பிறகு, வெயிலில் காய்ந்து வீணாவதற்குள் நிலத்துக்காரர் ஏர் ஓட்டிவிடுவார். ராத்திரிக்கு இவ்வளவு என்று பணமாகவோ நெல்லாகவோ கீதாரிக்குக் கூலியும் கிடைக்கும்.

ஆக, ஒரு நிலத்தில் சுவடு விட்டால் குற்றம். இன்னொரு நிலத்தில் விட்டுப் போகும் சுவடே வாடகை, கூலியும் அதற்குத்தான். இரண்டும் அந்தந்த மண் கேட்டது. இந்த வித்தியாசத்தை நான் நல்லது கெட்டது என்று தராசில் வைக்க மாட்டேன். ஆனால் இயற்கையை நேசிப்பது என்றால் தொடாமல் பார்த்துவிட்டு வருவது என்று நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இப்போது சொல்லிக்கொடுக்கிறோம். அது உயர்பாலையின் பாடம். தொட்டு, மேய்ந்து, உரம் போட்டு, மறுபடி விளையவைத்துப் போவது இந்த மண்ணின் பாடம். பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்ல வேண்டும்.

இதே கணக்கில் தங்குகிற வேறு விருந்தாளிகளும் இந்த மாவட்டத்தில் உண்டு. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களுக்கு மழைக்காலத்தில் வந்து கூடு கட்டும் நாரைகளும் கொக்குகளும் மரத்திலிருந்து எச்சத்தைத் தண்ணீரில் விடுகின்றன. அந்தத் தண்ணீர்தான் வயலுக்குப் பாய்கிறது. 1977-இல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். குஞ்சுகள் மிரளுமென்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை.

கீதாரிகள் வருகிற வழியைச் சொல்ல வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையின் வறண்ட ஊர்களில் மழைக்காலத்தைக் கழித்துவிட்டு, தையில் அறுப்பு தொடங்கியதும் கிளம்புகிறார்கள். வழியில் நம் கண்மாய்ப் பாசன வயல்களில் கிடை போட்டுக்கொண்டே தேவகோட்டை, அறந்தாங்கி வழியாக வடகிழக்கே காவிரிப் பாசனத்துக்குப் போவார்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கமெல்லாம் சம்பா தாள் மேய்ந்து, ஆடிக்குப் புதுத்தண்ணீர் வந்து உழவு தொடங்கும்வரை அங்கேதான். பல வீட்டு ஆடுகளைச் சேர்த்து ஒரு கிடையாக ஓட்டுவதுண்டு. எந்த ஊரில் யார் நிலத்தில் எத்தனை ராத்திரி என்று பேசி முடிப்பவர் கீதாரி. இந்த வாழ்க்கையை வெளியிலிருந்து பார்த்து எழுதியவர்கள் குறைவு. கி. ராஜநாராயணனின் ‘கிடை’ கரிசல் பக்கத்து ஆட்டுக்காரர்களைச் சொன்னது, 2003-இல் அம்ஷன் குமார் அதை ‘ஒருத்தி’ என்று படமாக்கினார். சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவல் ராமநாதபுரத்திலிருந்து டெல்டாவுக்குப் போகும் குடும்பங்களின் கதை. அதைப் படித்தவர்கள், வெட்டவெளியில் படுப்பது பெண்ணுக்கு என்னவாக இருக்கிறது என்பதை மறக்க மாட்டார்கள்.

ஆட்டுக்காரர்கள் உயர்பாலையிலும் இருந்தார்கள். இது தங்கை மகனுக்குத் தெரிந்திருக்கவில்லை, எனக்கும் படித்துத்தான் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து, ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள மலைநாட்டிலிருந்து பாஸ்க் இளைஞர்கள் கப்பலேறி வந்து, நெவாடாவிலும் ஐடஹோவிலும் தென்கிழக்கு ஓரிகனிலும் செம்மறி மேய்த்தார்கள். கூலியைப் பணமாக வாங்காமல் ஆடாக வாங்கி, சில வருஷத்தில் சொந்த மந்தை சேர்த்துக்கொண்டு, சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாமல் அரசு நிலத்திலேயே மேய்த்துச் சுற்றிவந்தவர்கள் பலர். ஸ்டீன்ஸ் மலையின் ஆஸ்பென் மரத்தின் வெள்ளைப் பட்டைகளில் தங்கள் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் கத்தி முனையால் கீறி வைத்தார்கள். பட்டை வளர வளர எழுத்து கறுத்துத் தடித்தது. ஆறு மாதம் மனித முகம் காணாமல் மேய்த்தவன் தான் இருந்ததாகச் சொல்லிவைத்த ஒரே சாட்சி அது. அந்த மரங்கள் இப்போது வயதாகி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன.

அவர்கள் காலத்தில் அந்த நிலத்தில் கட்டுப்பாடு எதுவும் இல்லை. முந்தியவனுக்கு மேய்ச்சல். நிலம் உள்ள மாட்டுப் பண்ணைக்காரனும், நிலமில்லாத ஆட்டுக்காரனும், இன்னொருவன் வருவதற்குள் மேய்த்துவிட வேண்டும் என்று போட்டி போட்டு மேய்த்தார்கள். புல் வேரோடு போயிற்று. 1930-களின் வறட்சியும் புழுதிக்காற்றும் சேர, 1934 ஜூன் 28 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் டெய்லர் மேய்ச்சல் சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசு நிலத்தில் மேய்க்க இனி அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு யாருக்கு முதலில்? பக்கத்தில் சொந்த நிலமும் தண்ணீரும் வைத்திருப்பவருக்கு. நாடோடியாகச் சுற்றிய ஆட்டுக்காரர்களுக்கு அதோடு கதவு சாத்தப்பட்டது. மண்ணைக் காப்பாற்ற வந்த சட்டம்தான் அது, காப்பாற்றவும் செய்தது. ஆனாலும் பிழைப்புக்காக அந்தப் பொட்டலில் சுற்றித் திரிந்தவன் வெளியே போனான், பொழுதுபோக்குக்காக வருகிறவன் இன்று பதினான்கு நாள் தாராளமாகப் படுக்கிறான்.

அதற்கும் முன்னே போனால் இன்னும் நெஞ்சு கனக்கும். அந்த நிலம் வட பையூட் மக்களுடையது. 1872-இல் அவர்களுக்கென்று மல்ஹியூர் ஒதுக்கீட்டு நிலம் அறிவிக்கப்பட்டது. 1878-இல் அமெரிக்கப் படையோடு பனக் போர் வந்தது. அடுத்த ஆண்டு தை மாதத்துப் பனியில், போரில் சேராதவர்களையும் சேர்த்து, வடக்கே வாஷிங்டன் பக்கம் யாக்கமாவுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஒதுக்கீடு ரத்தானது. பிறகு திரும்பி வந்தவர்களின் வாரிசுகள் இன்றைக்கு பர்ன்ஸ் ஊரை ஒட்டிச் சிறு நிலத்தில் இருக்கிறார்கள். யாரையும் கேட்காமல் படுக்கலாம் என்று தங்கை மகன் எழுதினானே, கேட்க வேண்டியவர்களை முன்பே அப்புறப்படுத்திவிட்டதால்தான் கேட்க ஆளில்லை. இதைச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த முறை பர்ன்ஸ் வழியாகப் போய்விட்டு வருகிறேன் என்றான்.

நம் பக்கம் பொது நிலத்தின் கதை வேறு. சிவகங்கை ஜமீனாக இருந்த சீமை. 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ஜமீன் வசமிருந்த புறம்போக்குகள் சர்க்கார் கணக்குக்கு வந்தன. மந்தைப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, கண்மாய்ப் புறம்போக்கு, ஓடை, களம், பாதை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி சர்வே எண். தீர்வைக்கு வெளியே நின்றதால் புறம்போக்கு. ஊர் மாடு நிற்க, ஆடு மேய, கதிரடிக்க, பொங்கலுக்கு மஞ்சுவிரட்ட எல்லாவற்றுக்கும் அதுதான். சிராவயல் பொட்டலில் மஞ்சுவிரட்டு நடக்கும்போது பார்த்தவர்களுக்கு, ஒரு வெற்றுத்திடல் எத்தனை ஆயிரம் பேருக்குச் சொந்தமாக இருக்க முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்தச் சொல் நம் வாயில் என்ன ஆயிற்று பாருங்கள். ஒருவனைத் திட்ட வேண்டுமென்றால் புறம்போக்கு என்கிறோம். எல்லோருக்கும் உரிய நிலத்தின் பெயர் உதவாக்கரை என்பதற்கு மறுபெயராகிவிட்டது. உயர்பாலை ஊர்களில் பொது நிலம் என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமை ஏறுகிறது, எங்கள் நிலம் என்று. கபேர் வாசுகி எழுதி டி. எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ 2017 ஜனவரியில் வந்தபோது, எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்து அந்தச் சொல்லை மீட்கப் பார்த்தார்கள். கல்லலும் காரைக்குடியும் சேர்ந்த நம் செட்டிநாட்டுக்கும் அப்படி ஒரு மீட்பு வேண்டும். மேய்க்கால் என்று பதிவேட்டில் இருக்கும் இடத்தில் சீமைக்கருவேலம் அடர்ந்து ஆடு நுழைய முடியாமல் கிடக்கிறது, அல்லது யாரோ கல் ஊன்றியிருக்கிறார்கள். தைலமரக் காடுகளுக்குள் புல் முளைப்பதில்லை. கீதாரிக்கு இன்றைக்கு நம்பிக்கையான இடம், கூப்பிடுகிற சம்சாரியின் பட்டா வயல் மட்டும்தான். அந்த வயலும் பிளாட்டாகிவிட்டால் கூப்பிட ஆளில்லை.

செட்டிநாட்டில் வெட்டவெளியில் படுக்கும் இன்னொரு கூட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடந்து போகின்றன. நானூறு ஆண்டு வழக்கம் என்று அவர்கள் சொல்கிறார்கள். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக ஏறத்தாழ 160 கிலோமீட்டர். இன்றைக்குக் காவடிக்காரர்களோடு எல்லாச் சாதியிலும் எல்லா ஊரிலும் இருந்து ஆயிரக்கணக்கில் நடக்கிறார்கள். தோப்பிலும் திடலிலும் பள்ளிக்கூட மைதானத்திலும், துண்டை விரித்துப் படுக்கிறார்கள். தோப்புக்காரர் வாசலைத் திறந்துவிட்டு, பம்ப்செட்டைப் போட்டுவிட்டு, மோர் ஊற்றிக் கொடுக்கிறார். யாரும் இத்தனை நாள் என்று கணக்குப் பார்ப்பதில்லை, வேண்டுதல் கொண்டு நடப்பவனை எழுப்பிவிட எவருக்கும் மனம் வராது. அந்தப் பாதையில் ஒரு தங்கலின் பெயர் இடைச்சி மடம். ஆடு மேய்க்கும் குலத்துப் பெண்ணின் பெயரில் ஒரு மடம், அங்கே கோடீசுவர வீட்டுப் பிள்ளையும் கட்டாந்தரையில் படுக்கிறான். பத்து அறையும் பர்மா தேக்குத் தூணும் உள்ள வீட்டைப் பூட்டிவிட்டு வந்து படுக்கிறவனின் தூக்கம், ஓரிகனில் கூடாரத்துக்குள் படுத்த என் தங்கை மகனின் தூக்கத்துக்குப் பக்கத்தில் வரும். இரண்டு பேரும் தாங்களாக விரும்பிப் போனவர்கள், நாள் முடிந்தால் திரும்பிப் போக வீடு இருக்கிறது.

கீதாரிக்கு அந்தத் தெரிவு இல்லை. இதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். வெட்டவெளி வாழ்க்கையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நட்சத்திரமும் காற்றும் பேனாவுக்குள் தானாக வந்துவிடுகின்றன. அன்றைக்கு அவரோடு எட்டு மணிவரை உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு, சோறும் கருவாட்டுக் குழம்பும். பிறகு சாக்கை விரித்து, வலை ஓரத்தில், தலைமாட்டில் டார்ச்சும் தொரட்டியும் வைத்துக்கொண்டு படுத்தார். நாய் எழுந்து குரைத்தால் அவரும் எழுந்து வெளிச்சம் அடித்து ஒரு சுற்று வருவார். நரியை விடத் திருடனுக்குத்தான் பயம் என்றார். சரக்கு வண்டியில் வந்து நாலைந்து ஆட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்களாம். அவர் வீட்டம்மாள் குட்டிக்கூட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். இரண்டு பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் இருந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். மாதக்கணக்கில் போனில்தான் பார்க்கிறார்கள்.

“மழை வந்தா?” என்றேன்.

“குட்டிகளுக்குக் கூடு இருக்கு. நாங்க நனைவோம்” என்றார் அந்த அம்மா.

மழையில் நனைவதோடு முடியாது. ஈரத்தில் நீலநாக்கு நோய் வந்தால் கிடையில் பாதி போய்விடும். மருந்தடித்த வயலில் ஆடு வாய் வைத்தால் நின்ற இடத்தில் விழும். நாலுவழிச் சாலையில் மந்தையைக் கடத்துவது ஒவ்வொரு முறையும் உயிர்போகும் வேலை. உயர்பாலையில் தங்கை மகன் அஞ்சியது கார் சக்கரம் சேற்றில் மாட்டுவதற்கு, தண்ணீர் தீர்ந்துவிடுவதற்கு. போன் சிக்னல் இல்லாதது அவனுக்கு நிம்மதியாக இருந்ததாம். இந்த அம்மாவுக்கு சிக்னல் இல்லாத ராத்திரி என்றால் பிள்ளைகளின் குரல் கேட்காத ராத்திரி.

தண்ணீரில் மட்டும் நம் பொட்டல் அந்தப் பொட்டலைவிடப் பெரிய மனசு உடையது. செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் ஊரணி. குடிக்கும் ஊரணிக்குச் சுற்றுச்சுவரும் படித்துறையும் கட்டி, கால் நனைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தவர்கள், ஆடுமாட்டுக்கும் குளிப்பதற்கும் வேறு ஊரணி வெட்டி விட்டார்கள். வழிப்போக்கனும் அவனோடு வரும் வாயில்லாச் சீவனும் தாகத்தோடு ஊரைக் கடக்கக் கூடாது என்ற நினைப்பு அந்தக் கல்லில் இருக்கிறது. சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை, ஊர் வைத்திருக்கும். இப்போது வரத்துக்கால்கள் அடைபட்டுப் பாதி ஊரணிகள் பங்குனிக்குள் வற்றிவிடுகின்றன. கீதாரி தண்ணீருக்கு மோட்டார்க்காரரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

அங்கே வானம் நமக்கு எட்டாத சொத்து. ஓரிகனின் லேக் கவுண்டியில் 25 லட்சம் ஏக்கர் பரப்பை 2024-இல் இருள்வானச் சரணாலயமாக அறிவித்தார்கள், அப்போது உலகத்திலேயே பெரியது அது. தெருவிளக்குகூட மேலே வெளிச்சம் சிந்தாமல் கவிழ்த்து மாட்டுகிறார்கள். கல்லல் வயலில் அன்றிரவு வடக்கே காரைக்குடியின் வெளிச்சம் வானத்தின் அடியில் சாம்பல் பூத்ததுபோல நின்றது. ஆனாலும் தலைக்கு மேலே கார்த்திகைக் கூட்டம் தெளிவாக இருந்தது. கீதாரி அதன் சாய்வைப் பார்த்தே மணி சொன்னார். அரைமணி வித்தியாசத்தில் சரியாகவும் இருந்தது.

இரண்டையும் வைத்துப் பார்த்தபின் எனக்குத் தெளிவானது ஒன்று. உயர்பாலையில் தங்குகிறவனுக்குச் சட்டம் இருக்கிறது, உறவு இல்லை. அவன் வந்ததும் போனதும் அந்த நிலத்துக்கு ஒன்றுதான். செட்டிநாட்டில் கீதாரிக்கும் காவடிக்காரனுக்கும் உறவு இருக்கிறது, சட்டம் இல்லை. காவடிக்காரனுக்கு அது போதும், ஊரே அவன் பக்கம். கீதாரிக்குப் போதாது. 2006-இன் வன உரிமைச் சட்டம் இடம்பெயர்ந்து மேய்ப்பவர்களின் மேய்ச்சல் உரிமையைப் பெயர் சொல்லி ஏற்றிருக்கிறது. ஆனால் அது வன நிலத்துக்கு. வருவாய்ப் புறம்போக்கில், அறுத்த தாளில், கண்மாய்க் கரையில் ஒரு ராத்திரி கிடை போட அவருக்கு எழுத்தில் எந்த உரிமையும் கிடையாது. பஞ்சாபில் ஓர் ஊர்க் குளத்தைத் தூர்த்துக் கட்டியவர்கள் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்கே திருப்பித் தரத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு நம் மேய்க்காலுக்கும் பொருந்தும். அதைக் கையில் எடுக்க ஊர் வேண்டும்.

எனவே செட்டிநாட்டு ஊர்களில் இருப்பவர்களிடமும், ஊரைப் பூட்டிவிட்டுச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு இருக்கிறது. மந்தை, மேய்க்கால் என்று எத்தனை சர்வே எண்கள், எத்தனை ஏக்கர் என்று அதில் பாருங்கள். பிறகு அந்த இடத்துக்கு நடந்து போய், இன்றைக்கு அங்கே என்ன நிற்கிறது என்று பாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. கருவேலத்தை வெட்டி மேய்க்காலைத் திறக்க வேண்டும், வரத்துக்கால் தூர்வாரி ஆட்டு ஊரணிக்குத் தண்ணீர் விட வேண்டும், கிடைக்காரர்கள் வருகிற மாதங்களில் அங்கே தங்க ஊர் ஒப்புகிறது என்று தீர்மானம் எழுத வேண்டும் என, ஒரு சபையிலாவது எழுந்து நின்று கேளுங்கள். தை அறுப்பு முடிந்ததும் அவர்கள் மறுபடி நம் வழியாகத்தான் வருவார்கள்.